படுத்திருக்கும் குதிரையை எழுப்ப வேண்டாம்: பயிற்சி நிலைய நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

லாயத்தின் அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கையைப் பற்றியது இந்த மடல். அடுத்த மாதம் முதல் எந்தக் குதிரையையும் இரவில் மேய்ச்சல் வெளியில் விடக்கூடாது, பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்து தடுப்பறைகளில் தலைக்கயிற்றால் கட்ட வேண்டும், கேமராவில் தெளிவாகத் தெரிவதற்காக விடியும்வரை விளக்குகளை எரியவிட வேண்டும் என்று அதில் உத்தரவிட்டிருக்கிறீர்கள். அதுவரையிலான இடைக்காலத்துக்கு இன்னோர் உத்தரவும் இருக்கிறது: வெளியில் படுத்துக் கிடக்கும் குதிரையைக் காவலில் இருப்பவர் உடனே எழுப்பி நடக்கவைத்து, பொறுப்பாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும். முதல் உத்தரவு குதிரைகள் தூங்குவதில்லை என்ற கவலையில் பிறந்தது. இரண்டாவது உத்தரவு தூங்கும் குதிரையை எழுப்பச் சொல்கிறது. இரண்டையும் ஒரே தாளில் படித்தபோது, குதிரை எப்படித் தூங்குகிறது என்று லாயத்தில் வேலை செய்யும் ஒருவரிடமாவது நீங்கள் கேட்டிருப்பீர்களா என்ற ஐயம் எழுந்தது.

என் பெண்குதிரை இந்த லாயத்தில்தான் வளர்கிறது. உரிமையாளர்களும் பணியாளர்களும் முறை வைத்துப் பார்க்கும் இரவுக் காவலில் எனக்கும் பங்கு உண்டு. பொறுப்பாளரிடம் நேரில் சொன்னபோது, குழு முடிவெடுத்துவிட்டது என்ற பதில் மட்டுமே கிடைத்தது. ஆகவே எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சுற்றறிக்கை இரண்டு காரணங்களைச் சொல்கிறது. வாயிற்கதவின் மேலுள்ள கேமராவில் பார்த்தால் குதிரைகள் இரவெல்லாம் நின்றுகொண்டே இருக்கின்றன என்பது ஒன்று. காலை வகுப்புக்கு முன் சேணம் பூட்டும் இடத்தில் நின்றிருந்த வயதான சாம்பல் நிறக் குதிரையின் முன்னங்கால்கள் திடீரென மடங்கின, வெளியில் இரவைக் கழித்த களைப்பே அதற்குக் காரணம் என்பது மற்றொன்று. முதல் காரணம் நின்றுகொண்டிருப்பதைத் தூங்காமை என்று எடுத்துக்கொண்டதால் வந்தது. இரண்டாவது காரணம் உண்மையில் உங்கள் முடிவுக்கு எதிரான சான்று. அதைப் பிறகு விளக்குகிறேன்.

வளர்ந்த குதிரை ஒரு நாளில், இரவு பகல் எல்லாம் சேர்த்து, சுமார் 3 முதல் 5 மணி நேரம்தான் தூங்கும். அதையும் நம்மைப் போல ஒரே மூச்சில் தூங்குவதில்லை. இடையிடையே மேய்ந்தும், நீர் குடித்தும், சும்மா நின்றும், சில நிமிடங்கள் முதல் அரை மணி நேரம்வரை நீளும் சிறுசிறு உறக்கங்களாகவே அதை எடுத்துக்கொள்கிறது. இந்த உறக்கத்தின் பெரும்பகுதி நின்றபடியே நடக்கிறது. அதற்கென்றே அதன் கால்களில் ஓர் அமைப்பு இருக்கிறது. பின்னங்காலின் முட்டிச்சில்லைத் தொடை எலும்பின் கீழ்முனையிலுள்ள மேட்டின் மீது ஏற்றி மாட்டிக்கொண்டால், அந்தக் கால் மடங்காமல் பூட்டிக்கொள்ளும். தசைகள் பெரும்பாலும் ஓய்ந்திருக்க, நாண்களும் இணைப்பு நார்களும் 500 கிலோ உடலைத் தாங்கி நிற்கும். ஒரு பின்னங்கால் இப்படிப் பூட்டியிருக்கும்போது மற்றது குளம்பின் நுனியை மட்டும் தரையில் ஊன்றித் தளர்ந்திருக்கும். சிறிது நேரம் கழித்துக் கால் மாற்றிக்கொள்ளும். தலை தோள் மட்டத்துக்கோ அதற்குக் கீழோ தாழ்ந்து, காதுகள் இருபுறமும் சரிந்து, கீழுதடு தொங்கி, இமைகள் பாதி மூடியிருந்தால் அந்தக் குதிரை தூங்குகிறது. கதவின் மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு இவற்றில் எதுவும் தெரியாது. நான்கு கால்கள் தரையில் இருப்பது மட்டும் தெரியும்.

ஆனால் நின்று தூங்குவது மட்டும் குதிரைக்குப் போதாது. என் முறையீட்டின் மையமே இதுதான். மூடிய இமைக்குள் கண்கள் விரைந்து அசையும் உறக்கம் ஒன்று இருக்கிறது. மருத்துவர்கள் அதை ரெம் உறக்கம் என்கிறார்கள். நாம் கனவு காண்பது பெரும்பாலும் அந்த நிலையில்தான். அந்த உறக்கத்தில் உடல் தசைகள் தம் பிடிப்பை இழந்துவிடுவதால், பூட்டிய கால்களும் அப்போது துணைக்கு வருவதில்லை. ஆகவே அதை முழுமையாகப் பெறக் குதிரை படுத்தே ஆக வேண்டும். கால்களை மடக்கி மார்பின் மேல் கிடந்து மோவாயைத் தரையில் ஊன்றிக்கொள்ளும், அல்லது ஒரு பக்கமாகச் சாய்ந்து நான்கு கால்களையும் நீட்டிவிடும். ஒரு நாளைக்கு அதற்குத் தேவைப்படும் ரெம் உறக்கம் ஏறக்குறைய 30 முதல் 60 நிமிடம்தான். அதுவும் சில நிமிடத் துண்டுகளாகப் பிரிந்தே வருகிறது. பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கு முந்தைய நேரத்துக்கும் நடுவில்தான் குதிரைகள் இதற்காகப் படுக்கின்றன. அளவில் சிறியதாகத் தெரிந்தாலும், இதை இழந்த குதிரைக்கு நின்றபடி எத்தனை மணி நேரம் தூங்கினாலும் ஈடாகாது.

இப்போது உங்கள் கேமராவுக்கு வருகிறேன். அது தொடர்ந்து படம்பிடிப்பதில்லை; மணிக்கு ஒரு படம் சேமிக்கிறது. ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் எடுத்த படங்களில் நின்றுகொண்டிருக்கும் குதிரை, இடையில் இருபது நிமிடம் படுத்து எழுந்திருந்தால் அது எந்தப் படத்திலும் இருக்காது. மேலும் அந்தக் கேமரா கதவையும் தண்ணீர்த் தொட்டியையும்தான் பார்க்கிறது. விழித்திருக்கும் குதிரைகள் வந்து நிற்கும் இடம் அது. அவை படுப்பது வெளியின் மறுகோடியில், மண் காய்ந்து சற்று மேடாக இருக்கும் பகுதியில். அங்கிருந்து சுற்றிலும் தடையில்லாமல் பார்க்க முடியும், காற்றும் வரும். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் கேமராவைக் கொண்டு குதிரைகள் படுப்பதே இல்லை என்று எப்படி முடிவுக்கு வந்தீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

காலையில் அந்த மேட்டுக்கு யாராவது ஒருவர் நடந்து போயிருந்தால் போதும். புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து, குதிரையின் உடல் நீளத்துக்கு அழுந்திக் கிடக்கும்; குளம்புகள் மண்ணைச் சீய்த்து எழுந்த தடம் அதன் ஓரத்திலேயே இருக்கும். தேய்த்துச் சுத்தம் செய்யும் பணியாளர்களைக் கேளுங்கள். என் குதிரை வெண்மை கலந்த நிறம் என்பதால் அதன் விலாவிலும், இடுப்பெலும்பின் மேலும், கன்ன எலும்பின் மேலும் பச்சைக் கறை படிந்திருப்பதைத் தினமும் தேய்த்து எடுக்கிறோம். கன்னத்தில் கறை இருந்தால் அது தலையைத் தரையில் சாய்த்துப் பக்கவாட்டில் படுத்திருந்தது என்று பொருள். வாலில் சிக்கிய காய்ந்த புல்லும் அதைத்தான் சொல்கிறது. இவற்றுக்கெல்லாம் கேமரா தேவையில்லை.

காவல் முறையில் நான் பார்ப்பதையும் எழுதுகிறேன், ஏனென்றால் சுற்றறிக்கை தடைசெய்யச் சொல்வது இதைத்தான். நள்ளிரவு தாண்டிய பிறகு மேட்டின் மேல் பெரும்பாலும் இரண்டோ மூன்றோ குதிரைகள் படுத்திருக்கும், ஒன்று நின்றிருக்கும். நிற்பது பல இரவுகளில் அந்தச் செவலைக் குதிரை. நான் வேலியோரம் நடந்தால் அதன் ஒரு காது என் பக்கம் திரும்பும். நான் நின்றுவிட்டால் அதுவும் பழையபடி தளர்ந்து நிற்கும், படுத்திருப்பவை அசைவதில்லை. என் குதிரை முதலில் மார்பின் மேல் கிடந்து மூக்கைத் தரையில் ஊன்றியிருக்கும், பிறகு மெல்லச் சாய்ந்து கழுத்தை நீட்டிவிடும். மூச்சு முதலில் சீராக நீளும், பிறகு ஒழுங்கு தவறும். இமைகள் துடிக்கும். மேலுதடு எதையோ பறிப்பதுபோல் அசையும். முன்னங்கால் இரண்டு முறை காற்றில் ஓடிவிட்டு நிற்கும், சில சமயம் முனகும். இதை முதன்முறையாகப் பார்ப்பவர் குதிரைக்கு வலிப்பு வந்துவிட்டது என்று அலறக்கூடும், அதில் வியப்பில்லை. சிறிது நேரத்தில் அதுவாகவே முன்னங்கால்களை நீட்டி ஊன்றி, பின்பகுதியை ஓர் உந்தில் தூக்கி எழுந்து, உடலை உதறிக்கொண்டு மேயப் போய்விடும். அதற்குப் பிறகு சில இரவுகளில் செவலை படுக்கும், என்னுடையது நிற்கும்.

ஓர் இரைவிலங்கு தரையில் தலைசாய்த்துப் படுப்பது அதன் வாழ்வில் மிக ஆபத்தான நேரம். பாய்ந்து ஓடுவதற்கு முன் அது எழ வேண்டும், எழுவதற்குச் சில நொடிகள் ஆகும். ஆகவே நம்பிக்கை இல்லாத இடத்தில் அது படுக்காது. தோழமைக் குதிரை அருகில் விழித்து நிற்க வேண்டும், சுற்றிலும் பார்வை இருக்க வேண்டும், தரை காய்ந்திருக்க வேண்டும், இடம் பழகியதாக இருக்க வேண்டும். மேய்ச்சல் வெளியில் இரவு விடுவதால் நம் குதிரைகளுக்குக் கிடைத்திருப்பது புல் மட்டுமல்ல. பயமில்லாமல் படுப்பதற்கான இந்த எல்லா நிபந்தனைகளும் ஒரே இடத்தில் அங்கு நிறைவேறியிருக்கின்றன. அவற்றைப் புதிதாக உண்டாக்க மாதக்கணக்கில் ஆகும். ஓர் உத்தரவால் ஒரே மாலையில் கலைத்துவிடலாம்.

படுத்த குதிரையை எழுப்பச் சொல்லும் உத்தரவு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். சாலையில் போகிறவர்கள் அடிக்கடி தொலைபேசியில் அழைத்து, உங்கள் வெளியில் ஒரு குதிரை செத்துக் கிடக்கிறது என்கிறார்கள். அவர்கள் அக்கறையில்தான் அழைக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அழைப்புகளை நிறுத்துவதற்காகக் குதிரையின் உறக்கத்தைக் கலைப்பது சரியாகாது. ஒரே இரவில் மாறி மாறி வரும் காவலர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறை எழுப்பினால், அந்தக் குதிரைக்கு அன்றைய ரெம் உறக்கம் முழுவதும் போய்விடும். இரவுக்கு இரவு அப்படி எழுப்பப்பட்டால், அது படுப்பதையே நிறுத்திவிடக்கூடும். பிறகு உங்கள் கேமரா சொல்வது உண்மையாகிவிடும்.

படுத்திருப்பது நோயாகவும் இருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கோலிக் எனப்படும் வயிற்றுவலியில் குதிரை படுக்கும், உண்மைதான். ஆனால் அந்தப் படுக்கை வேறு மாதிரி இருக்கும். படுத்த குதிரை உடனே எழும், மறுபடி படுக்கும், திரும்பத் திரும்பப் புரளும். தன் விலாவைத் திரும்பிப் பார்க்கும், வயிற்றை நோக்கிக் காலை உதைக்கும், முன்னங்காலால் தரையைச் சுரண்டும், வியர்க்கும், சாணம் போடாது, தீவனத்தைத் தொடாது. தூங்கும் குதிரை இவற்றில் எதையும் செய்யாது. சந்தேகம் வந்தால் சற்றுத் தொலைவில் நின்று மூச்சை எண்ணலாம். ஓய்விலிருக்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 8 முதல் 16 மூச்சுகள் இயல்பு; கனவு நிலையில் கொஞ்சம் முன்பின்னாகும், அவ்வளவுதான். எழுந்த பிறகு நாடியைப் பார்க்க வேண்டுமென்றால் 28 முதல் 44 வரை இயல்பு. உடலை உதறி, நெளித்து, உடனே மேயத் தொடங்கும் குதிரைக்கு வயிற்றுவலி இல்லை. இவ்வளவையும் காவலில் இருப்பவர்களுக்கு ஒரு மாலைநேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். வளர்ந்த குதிரை ஒன்று ஒரே பக்கமாக மணிக்கணக்கில் எழாமல் கிடந்தால் அது வேறு விஷயம். அதன் எடையே நுரையீரலையும் தசைகளையும் அழுத்திக் கெடுக்கும் என்பதால் அப்போது கால்நடை மருத்துவரை அழைத்தே ஆக வேண்டும். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

சாம்பல் நிறக் குதிரையின் கதையை நீங்கள் தலைகீழாகப் படித்திருக்கிறீர்கள். அதன் கால் மடங்கியது உண்மை. நானும் அருகில் இருந்தேன். கட்டிவைத்த இடத்தில் அது கண்சொருகி நின்றது, தலை மெல்ல மெல்லத் தாழ்ந்தது, முன்னங்கால் முட்டிகள் இரண்டும் முன்னோக்கித் தளர்ந்தன, மூக்கு தரையைத் தொடுவதற்குள் திடுக்கிட்டு விழித்து நிமிர்ந்தது. ஆனால் அந்தச் சம்பவத்துக்கு முந்தைய சில வாரங்கள் அது மேய்ச்சல் வெளியில் இருக்கவே இல்லை. குளம்புச் சிகிச்சைக்காக, லாயத்தின் கடைசித் தடுப்பறையில், குறுகிய கயிற்றில், விளக்கொளியில், தனியாகக் கட்டப்பட்டிருந்தது. அதாவது, எல்லாக் குதிரைகளுக்கும் அடுத்த மாதம் முதல் நீங்கள் விதித்திருக்கும் அதே ஏற்பாட்டில் அது ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தது. லாயப் பதிவேட்டில் தேதிகள் இருக்கின்றன, எடுத்துப் பாருங்கள்.

படுக்காத குதிரைக்கு நடப்பது அதுவேதான். சில நாட்கள் தாக்குப்பிடிக்கும். நாட்கள் வாரங்களாகும்போது, நின்றுகொண்டே அந்த ஆழ்ந்த நிலைக்குள் வழுக்கி விழும். தசைகள் கைவிட, முன்னங்கால்கள் மடங்கும். விழும் அதிர்ச்சியில் விழிக்கும். சில குதிரைகள் முற்றிலும் விழுந்தே விடும். ஆளில்லாத நேரத்தில் இப்படி விழுந்து எழுந்த குதிரைகளை அவற்றின் முட்டியின் முன்பக்கத்திலும், குளம்புக்கு மேலுள்ள மூட்டின் முன்பக்கத்திலும் இருக்கும் தேய்ந்த காயங்களை வைத்து அறியலாம். சாம்பல் குதிரையின் இரு முட்டிகளிலும் மயிர் தேய்ந்து, வட்டமாகக் காய்த்துப்போன தோல் இருக்கிறது. தடவிப் பார்த்தால் கைக்குத் தட்டுப்படும். இதை, உறக்கம் திடீரெனத் தாக்கும் நார்கோலெப்சி என்னும் நரம்பு நோய் என்று சொல்லிவிடுவது வழக்கம். வளர்ந்த குதிரைகளில் அந்த நோய் அரிது, தூக்கக் குறைவே பெரும்பாலும் காரணம். குதிரை ஏன் படுக்கவில்லை என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மூட்டுவலியால் படுத்தால் எழ முடியாது என்று பயப்படுகிறதா, இடம் போதவில்லையா, தனியாக இருப்பதால் துணியவில்லையா என்று பார்க்க வேண்டும். சாம்பல் குதிரையின் விஷயத்தில் மூன்றுமே இருந்திருக்கலாம். இந்த நிலையிலுள்ள குதிரையின் முதுகில் கற்றுக்கொள்ளும் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருந்தால் என்னவாகும் என்பதை உங்களிடம் விளக்க வேண்டியதில்லை. பாதுகாப்பு என்ற பெயரில் வந்த உத்தரவு எல்லாக் குதிரைகளையும் அந்த நிலைக்குத்தான் தள்ளும்.

தடுப்பறைகளை நீங்கள் ஒருமுறை இரவில் வந்து பார்க்க வேண்டும். தலைக்கயிறு குட்டையாகக் கட்டியிருப்பதால் குதிரை முகத்தைத் தரைவரை இறக்க முடியாது. பக்கவாட்டில் படுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. கயிற்றை நீளமாக விட்டால் கால் சிக்கும். பல அறைகளின் அகலம், நடுத்தர உயரமுள்ள குதிரை கால்நீட்டிக் கிடக்கப் போதாது. அறையின் ஒவ்வொரு பக்கமும் குதிரையின் தோள் உயரத்தைப்போல் இருமடங்காவது இருக்க வேண்டும் என்பது பல இடங்களில் பின்பற்றப்படும் கணக்கு, நம் அறைகளில் பாதி அதற்குக் குறைவு. நெருக்கமான அறையில் புரண்ட குதிரை கால்கள் சுவரில் முட்டி எழ முடியாமல் மாட்டிக்கொள்வது எந்த லாயத்திலும் எல்லோரும் அஞ்சும் விபத்து. தரையில் ரப்பர் விரிப்பின் மேல் தூவியிருக்கும் மரத்தூளை விரலால் விலக்கினால் விரிப்பு தெரிகிறது. படுக்கை கனமாக இருந்தால் குதிரைகள் அதிக நேரம் படுக்கின்றன, குறிப்பாகப் பக்கவாட்டில் படுக்கின்றன என்பது ஆய்வுகளிலும் உறுதியான செய்தி. கேமராவுக்குச் செலவிட்டதில் ஒரு பங்கை வைக்கோலுக்குச் செலவிட்டிருந்தால் அந்தக் கேமராவில் பார்க்கவும் ஏதாவது இருந்திருக்கும்.

விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. குதிரையின் கண் மங்கிய ஒளிக்கு ஏற்ப அமைந்தது. கண்ணின் பின்புறத்தில் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் இருப்பதால், நமக்கு இருட்டாகத் தெரியும் இடத்தில் அது நன்றாகப் பார்க்கிறது. ஆனால் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக அதற்கு நம்மைவிட அதிக நேரம் பிடிக்கும். பிரகாசமான விளக்கின் கீழ் நின்று வெளியே பார்க்கும் குதிரைக்கு வெளியே இருப்பதெல்லாம் கருமை. தன்னைச் சுற்றி என்ன இருக்கிறது என்று தெரியாத நிலையில் அது படுக்கத் துணியாது. இருட்டிலேயே படம்பிடிக்கும் அகச்சிவப்புக் கேமராக்கள் எங்கும் கிடைக்கும்போது, கேமராவுக்காகக் குதிரையின் இரவைப் பகலாக்க வேண்டிய தேவை என்ன?

வயிற்றைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. குதிரையின் இரைப்பை சிறியது, அமிலம் நாள் முழுவதும் இடைவிடாமல் சுரக்கிறது, விட்டுவிட்டால் அது ஒரு நாளில் பாதிக்கும் மேலான நேரத்தை மேய்ச்சலில் கழிக்கும். மாலை முதல் காலைவரை வெறும் வாயோடு கட்டிவைத்தால் இரைப்பைப் புண்ணுக்கு வழி செய்கிறோம் என்பது உங்கள் ஆலோசனை மருத்துவருக்கே தெரியும்.

எல்லாக் குதிரைகளுக்கும் எல்லா இரவுகளிலும் வெளிதான் நல்லது என்று நான் வாதிடவில்லை. மழை விடாமல் பெய்து மேடும் சேறாகிவிட்டால் குதிரைகள் படுப்பதில்லை. ஈரத்தில் படுக்க அவற்றுக்குப் பிடிக்காது. அந்த நாட்களில் காய்ந்த, அகலமான, கட்டாத அறை வெளியைவிட மேல். கூட்டத்தில் கடைநிலையில் இருக்கும் அந்தச் சிறிய மட்டக்குதிரையை மற்றவை மேட்டிலிருந்து விரட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அது படுப்பதற்கு இன்னோர் இடம் வேண்டும், அல்லது அதை வேறு ஜோடியுடன் விட வேண்டும். புதிதாக வந்த குதிரையை வெளியில் விட்டால் முதல் சில இரவுகள் அது படுக்காது, பழகட்டும் என்று பொறுத்திருந்து, அந்த நாட்களில் அதன் மீது கடினமான பயிற்சியைத் திணிக்காமல் இருக்க வேண்டும். மூட்டுவலியுள்ள வயதான குதிரைக்கு முதலில் வலிக்கு மருந்து, பிறகுதான் இடம். இவையெல்லாம் குதிரைக்குக் குதிரை பார்த்து முடிவு செய்ய வேண்டியவை. ஒரே சுற்றறிக்கையில் எல்லாவற்றையும் கட்டிவைப்பது உங்களுக்கு வசதி, குதிரைக்கு அல்ல.

வேலி, திருட்டு, நாய்கள் பற்றிய உங்கள் கவலையை நான் மதிக்கிறேன். அவற்றுக்கு வேலியைச் சரிசெய்வதும் காவலை வலுப்படுத்துவதும்தான் வழி.

ஆகவே கீழ்க்கண்டவற்றை உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

படுத்திருக்கும் குதிரையை எழுப்ப வேண்டும் என்ற உத்தரவை இன்றே திரும்பப் பெறுங்கள். இதற்குக் கூட்டம் கூட்டித் தீர்மானம் போடக் காத்திருக்க வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக, தூக்கத்துக்கும் வயிற்றுவலிக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதிக் காவலறையில் ஒட்டுங்கள். நானே எழுதித் தருகிறேன், மருத்துவர் திருத்தட்டும். சாலையோர வேலியில் குதிரைகள் படுத்துத் தூங்கும், பதற வேண்டாம், சந்தேகமிருந்தால் இந்த எண்ணுக்கு அழைக்கவும் என்று ஒரு பலகை வையுங்கள். அழைப்புகள் பாதியாகக் குறையும்.

அடுத்த மாதம் முதல் இரவு மேய்ச்சலை நிறுத்தும் முடிவை நிறுத்திவையுங்கள். அதற்குள் கேமராவை மேட்டைப் பார்க்கும்படி மாற்றி, அகச்சிவப்பில், தொடர்ச்சியாகப் பதிவுசெய்து, எந்தக் குதிரை எப்போது எவ்வளவு நேரம் படுக்கிறது என்று தொகுக்க ஏற்பாடு செய்யுங்கள். படுக்காத குதிரை எதுவென்று அப்போது தெரியும். அதை மட்டும் மருத்துவரிடம் காட்டலாம். பதிவுகளைப் பார்த்துக் குறிப்பெடுக்க உரிமையாளர்களில் சிலர் முன்வருவார்கள், நானும் வருகிறேன்.

சாம்பல் நிறக் குதிரையின் மூட்டுகளைக் கால்நடை மருத்துவரைக் கொண்டு முழுமையாகப் பரிசோதிக்கச் செய்யுங்கள். முடிவு தெரியும்வரை அதன் மீது யாரையும் ஏற்ற வேண்டாம். அதைத் தனியறையிலிருந்து எடுத்து, செவலைக் குதிரையைத் துணைக்கு வைத்து, காய்ந்த சிறு வெளியில் விடுங்கள்.

சிகிச்சைக்காகவோ மழைக்காகவோ குதிரையை உள்ளே வைக்க வேண்டிய இரவுகளில் கட்டாமல் வையுங்கள். அறைகளில் போதிய அகலமுள்ளவற்றையே அதற்குப் பயன்படுத்துங்கள். படுக்கை குறைந்தது 15 சென்டிமீட்டர் கனத்துக்கு இருக்கட்டும், பக்கத்து அறைக் குதிரை கண்ணுக்குத் தெரியட்டும், இரவில் விளக்கு அணைந்திருக்கட்டும், விடியும்வரை வைக்கோல் இருக்கட்டும்.

உத்தரவு நடைமுறைக்கு வருவதாகச் சொல்லியிருக்கும் தேதிக்கு முன்னதாக, இந்தக் கோரிக்கைகள் ஒவ்வொன்றையும் ஏற்கிறீர்களா இல்லையா, இல்லையென்றால் எந்தக் காரணத்தால் என்பதை எழுத்து மூலமாக எல்லா உரிமையாளர்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இரவுக் காவலில் பங்குபெறும் ஒரு குதிரை உரிமையாளர்